மூச்சு விட்ட செங்கல்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. இந்தக் கதையில் வருவதெல்லாம் சின்னச் சத்தங்கள். தள்ளி உட்கார்ந்தவர்களுக்கு நான் வாயை அசைப்பது மட்டும்தான் தெரியும்.

ஆற்றை ஒட்டிச் சூளைப்புதூர் என்று ஓர் ஊர். ஊர் முழுக்கச் செங்கல் சூளை. அந்த ஊர்க் கல்லை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கும், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டின மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே தூரத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெந்த கல்லை எடுக்கச் சூளை பிரிக்கிற அன்று வெளியாள் யாரையும் கிட்டச் சேர்க்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "சூளைங்கிறது பிள்ளை பெத்த உடம்பு மாதிரி. கண்ணு பட்டுடும்" என்பார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகக் கல் அடுக்கியிருக்கும். வெளுத்த கல் ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது. "எங்க ஊர்ல வேகாத கல்லுங்கிற பேச்சே கிடையாது" என்று மீசையைத் தடவிக்கொள்வார்கள்.

அங்கே பெரிய சூளை தாண்டவராயனுடையது. அவர் பெண்சாதி பவளாயி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சூளை ஓரத்துக் கொட்டகையில்தான் அவளுக்குக் குடித்தனம். புகை, இருமல், சாம்பல். ஊருக்கெல்லாம் வீட்டுக்குக் கல் கொடுக்கிறவன் தனக்கு ஒரு வீடு கட்டவில்லையே என்று அவள் கேட்காத நாளில்லை.

கடைசியில் கட்டினார். சூளைக்குப் பின்னால் அவருடைய பாட்டன் காலத்திலிருந்து மண் எடுத்த பெரும்பள்ளம் ஒன்று கிடந்தது. கிடந்தது என்று சொன்னேனே தவிர, அப்போது அது பள்ளமாக இல்லை. வருஷா வருஷம் தூர்ந்து தூர்ந்து மேடாகிவிட்டது. அந்த மேட்டில்தான் கடைக்கால் போட வாணம் தோண்டினார்.

"தூர்த்த எடமாச்சே, தாண்டவா?" என்றார்கள்.

"எதை வெச்சுத் தூர்த்தது? கல்லை வெச்சு! நீங்கல்லாம் மண்ணு மேல வீடு கட்டியிருக்கீங்க. நான் கல்லு மேல கட்டறேன்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் தூர்த்த பள்ளத்தைப் பற்றி யாரும் யாரிடமும் துருவிக் கேட்பதில்லை.

வீட்டைக் கட்டினவர் மருதையன் என்ற கொத்தனார். சுவர் எழுப்புவதில் அவருக்கு நிகர் அந்த ஆற்றங்கரையில் கிடையாது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூல் சுவரைத் தொடவும் தொடாது, விலகவும் விலகாது. அந்த வீடுதான் அவர் கட்டின கடைசி வீடு. அது முடிந்த கையோடு அவர் மனைவி இறந்துபோனாள். ஆற்றுக்கு அக்கரையில், புளியந்தோப்புக்குள் சாமியம்மா என்று ஒருத்தி ஒரு சின்ன மடம் வைத்திருந்தாள். ஒரு வேளைச் சோற்றுக்காக அங்கே போன மருதையன் அப்படியே தங்கிவிட்டார். சாமியம்மாவுக்கு வயது என்னவோ அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள். குரு, சிஷ்யன் என்றால் அவர்கள்தான்.

மடத்தில் மற்றவர்கள் சாமியைப் பற்றிப் பேசும்போது மருதையன் அந்தச் சுவரைப் பற்றிப் பேசுவார். "மனசு ஆடுது, கோபம் வருது, எல்லாம் சரி. ஆனா நான் எழுப்பின சுவரு ஆடாது" என்பார். சாமியம்மா சிரித்துக்கொண்டே இலை போடுவாள்.

அப்புறம் அந்த வருஷத்து ஐப்பசி வந்தது.

முதலில் புழக்கடைக் கதவு நிலையில் உரசியது. மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்று தாண்டவராயன் கதவைச் செதுக்கினார். செதுக்கின கதவு மறுபடி உரசியது. பிறகு ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஒரு கோடு போனது, தலைமுடி கிடக்கிற மாதிரி. பவளாயி துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. சுண்ணாம்பு வைத்து அடைத்தார்கள். அடைத்த சுண்ணாம்பும் சேர்ந்து வெடித்தது. பிறகு அதற்குள் விரல் போனது. ஒரு காலையில் அந்த வெடிப்பு வழியாக வெயில் உள்ளே வந்து தரையில் ஒரு கத்தி மாதிரி விழுந்து கிடந்தது.

அன்றைக்கே தாண்டவராயன் ஆற்றைக் கடந்து மடத்துக்கு வந்துவிட்டார். வரும்போதே சத்தம்.

"எங்க அந்தக் கொத்தனாரு? ஏ சாமியாரே! நீ கட்டின சுவரு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. வந்து அதுக்கும் ஒரு உபதேசம் பண்ணிட்டுப் போ!"

மருதையன் வெளுத்துப்போனார். "என் சுவரா?"

"பின்ன, என் மாமியா கட்டின சுவரா?"

மருதையன் சாமியம்மாவைப் பார்த்தார். "அம்மா, குத்தம் எங்கம்மா இருக்கும்? கல்லுலயா, சுண்ணாம்புலயா, என் கையிலயா?"

சாமியம்மா அரிந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"இங்கேருந்தே எப்படிண்ணே தெரியும்? வாங்க, போய்ப் பாப்போம்."

மூன்று பேரும் போனபோது வானம் மேற்கே கருத்துக் கட்டியிருந்தது. வீட்டு வேலிக்கு வெளியே ஊர்ச்சனம் கூடி நின்றது. உள்ளே வரத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. வீடு புழக்கடைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கே தலையைச் சாய்த்துப் பார்க்கத் தோன்றும்.

பவளாயி நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இவளை முதல்ல வெளிய வரச் சொல்லுங்க சாமியம்மா" என்றார் தாண்டவராயன். "நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு."

"நான் வரமாட்டேன்" என்றாள் பவளாயி. "காலம்பூரா கொட்டகையில புகையைத் தின்னேன். இந்த வீட்டுல படுத்த அன்னைக்குத்தான் இருமாமத் தூங்கினேன். விழுந்தா என் மேலயே விழட்டும். மறுபடியும் கொட்டகைக்குப் போறதுக்கு இது தேவலை."

"பெரிய மழை வருது, தாயி" என்றாள் சாமியம்மா.

"வரட்டும். நனையாம இருக்கத்தானே வீடு?"

சாமியம்மாவும் உள்ளே போய்ப் பவளாயி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே நின்றவர்கள் வாயில் கை வைத்தார்கள்.

மருதையன் மட்டும் சுவரோடு இருந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். கல்லைத் தட்டினார். கணீர். அடுத்த கல். கணீர். சுண்ணாம்பை ஆணியால் கீறினார், ஆணிதான் மழுங்கியது. ஒவ்வொரு வரிசையையும் தடவிக்கொண்டே போனவர் மூலையில் நின்றுவிட்டார்.

"கல்லு நல்ல கல்லும்மா. சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பு. அப்ப என் கைதான். ஏதோ ஒரு எடத்துல என் கை தூங்கியிருக்கு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "மழைக்குள்ள இந்தப் பக்கத்தைப் பிரிச்சுத் திரும்பக் கட்டிடறேன். என்னை விடுங்க."

"கட்டுங்கண்ணே. எது மேல கட்டுவீங்க?"

"இருக்கற கடைக்கால் மேலதான்."

"கடைக்கால் எது மேல இருக்கு?"

மருதையன் தாண்டவராயனைப் பார்த்தார்.

"கல்லு மேல" என்றார் தாண்டவராயன். "அடி வரைக்கும் கல்லு."

"எந்தக் கல்லு?"

"எங்க கல்லுதான்."

"எனக்கு அதுல ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்" என்றாள் சாமியம்மா, தாகத்துக்கு மோர் கேட்கிற மாதிரி.

தாண்டவராயன் அசையவில்லை. வேலிக்கு வெளியே நின்ற சூளைக்காரர்கள் ஏனோ ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்கள்.

மருதையன் கடப்பாறையை எடுத்தார். புழக்கடைப் பக்கம் குளிக்கிற தண்ணியும் மழைத் தண்ணியும் போய் ஊறிக் கிடந்தது. அடுப்படிப் பக்கம்தான் காய்ந்த தரை. அடுப்புக்குப் பக்கத்தில் தரையைப் பெயர்த்துத் தோண்டி, கீழே கிடந்ததில் ஒரு கல்லை எடுத்து வந்தார். முழுக் கல். ஓரம் மழுங்கவில்லை. முதுகில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

"எங்கப்பா விரலு" என்றார் தாண்டவராயன், மெதுவாக.

மருதையன் அதைத் தட்டினார். கணீர் வரவில்லை. பொத்தென்றது.

சாமியம்மா பவளாயியிடம், "தாயி, ஒரு அண்டாவுல தண்ணி கொண்டாறியா?" என்றாள். வீடு இடியப் போகிற நேரத்திலும் வந்தவர்கள் தண்ணீர் கேட்டால் கொடுக்காமல் இருப்பாளா? பவளாயி எழுந்து போய்க் கொண்டுவந்தாள். சாமியம்மா இரண்டு கையாலும் அந்தக் கல்லை, தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுகிற மாதிரி, தண்ணீருக்குள் விட்டாள்.

ஸ்ஸ்ஸ்...

கல் மூச்சு விட்டது. பொடிப் பொடியாகக் குமிழ் ஏறிவந்தது. நாலு பேரும் அண்டாவின் மேல் குனிந்தார்கள். முதலில் ஒரு மூலை சரிந்தது, சத்தமில்லாமல். அடுத்து இன்னொரு மூலை. கட்டைவிரல் பதிந்த இடம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. விரலை எடுத்துக்கொண்டது போல அதுவும் போனது. கல் உட்கார்ந்தது. படுத்தது. தண்ணீர் சிவந்தது. சாமியம்மா கையை விட்டு அள்ளிக் காட்டினாள். கையில் குழம்பு மாதிரி மண் இருந்தது, கல் இல்லை.

பவளாயி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏய்யா" என்றாள். "இது மேலயா என்னைக் குடி வெச்ச?"

தாண்டவராயன் சுவரில் சாயப் போனார். அது எந்தச் சுவர் என்று ஞாபகம் வந்து நிமிர்ந்துகொண்டார்.

"வெளி வரிசைக் கல்லு வேகாதுடி. நெருப்பு அது வரைக்கும் வராது. எங்க பாட்டன் சூளையிலயும் வேகல, எங்கப்பன் சூளையிலயும் வேகல. வெளிய தெரிஞ்சா நம்ம கல்லை எவன் தொடுவான்? பிரிக்கிற அன்னைக்கே குழியில தள்ளி மூடிடறது. வெயில்ல பாறை மாதிரிதான் கிடந்துச்சு. நானும் அதைக் கல்லுன்னே நெனச்சுட்டேன்."

வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல்: "அது அவரு சூளையில. எங்க சூளையில அப்படியெல்லாம் இல்ல."

"உங்க குழி எங்க மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாலதான் மாமா இருக்கு" என்றது இன்னொரு குரல்.

அதற்குள் மருதையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாம்மா! கை தூங்கல! சுவரு தப்பு பண்ணல! குத்தமெல்லாம் கீழதான்!"

"ஆமாண்ணே" என்றாள் சாமியம்மா. "கடைக்கால் போடும்போது கீழ பாத்தீங்களா?"

"பாக்காம? கடப்பாறையால குத்திப் பாத்தேன். டங்குன்னு திருப்பி அடிச்சுது."

"எந்த மாசம்?"

மருதையன் கண் அண்டாவுக்குப் போனது.

"சித்திரை" என்றார்.

மேற்கே இடி உருண்டது. முதல் தூறல் ஓட்டின் மேல் விழுந்தது. ஊர்ச்சனம், "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்தியது. பவளாயி மறுபடியும் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்பவும் வரமாட்டியா?" என்று தாண்டவராயன் அழுதேவிட்டார்.

"நீ பொய் சொல்லிக் கட்டினே. நான் பொய் சொல்லியா குடியிருந்தேன்? இது என் வீடு."

சாமியம்மா அப்போது ஒன்று செய்தாள். தரையில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தாள், கோயிலில் விழுகிற மாதிரி. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு காதைத் தரையோடு வைத்துக்கொண்டு, பவளாயியைப் பார்த்து விரலால் கூப்பிட்டாள்.

"என்ன?"

"பேசாத. காதை வை."

பவளாயி சந்தேகமாகக் குனிந்து காதை வைத்தாள். மருதையனும் முழங்காலை ஊன்றிக் குனிந்தார். கடைசியில் தாண்டவராயனும்.

கீழே கேட்டது.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

அண்டாவில் கேட்ட அதே சத்தம். ஒரு கல் விட்ட மூச்சில்லை. புழக்கடைப் பக்கத்திலிருந்து தண்ணீர் நகர்ந்து நகர்ந்து வர, பாட்டன் கல்லும் அப்பன் கல்லும் வரிசை வரிசையாக மூச்சு விட்டன. பெரிய கூட்டம் ஒன்று இருட்டுக்குள் படுத்துக்கொண்டு சுமையைத் தோள் மாற்றுகிற மாதிரி. இத்தனை நாளும் தன் சுவர் தன் நேர்த்தியால் நிற்கிறது என்று நினைத்திருந்தார் மருதையன்.

"தாயி" என்றாள் சாமியம்மா மெல்ல. "வேகாத கல்லு. நெருப்பையே பாக்காத கல்லு. அதுக்குத் தெம்பு இல்ல. இருந்தும் இவ்வளவு நாள் உன்னை இருமாமத் தூங்க வெச்சிருக்கு. இன்னும் தாங்குன்னு சொல்லவா?"

பவளாயி தரையிலிருந்து காதை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது தரையில் விழுந்தது. பிறகு உள்ளங்கையால் தரையை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள், பால் கறந்து முடித்த மாட்டைத் தடவுகிற மாதிரி. எழுந்தாள். அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படி இறங்கி வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வந்த பிறகுதான் மற்ற மூன்று பேரும் வந்தார்கள்.

மழை கொட்டியது. அவ்வளவு சனமும் வேலிக்கு வெளியே ஒரு புளிய மரத்தடியில் நனைந்துகொண்டே நின்றது. வீடு இடியும் என்று எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இடியவில்லை. மாடு படுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதலில் முன்னங்காலை மடக்கும், ஒரு யோசனை யோசிக்கும், அப்புறம் மீதி உடம்பை மெல்ல இறக்கும். வீடு அப்படி இறங்கியது. புழக்கடை மூலை மடங்கியது. கூரை ஓடுகள் சலசலவென்று சரிந்தன. பிறகு மருதையன் சுவர், அந்தப் பெரிய சுவர், ஒரு கல்லும் உதிராமல், நின்ற வாக்கிலேயே கீழே போனது. இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. சிவப்புத் தண்ணீர் அதைச் சுற்றி எழும்பி மூடியது.

ஒருத்தரும் ஐயோ என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நான் உள்ள இருந்திருந்தா அதுக்குத்தான் எவ்வளவு கஷ்டமா போயிருக்கும்" என்றாள் பவளாயி, தனக்குத்தானே.

மழை விட்டு வெயில் வந்ததும் ஊர் மறுபடியும் அங்கே கூடியது. வீடு இருந்த இடத்தில் பழைய பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தண்ணீர் வடிந்து, அடி முழுக்கச் செக்கச்செவேலென்று சேறு. நடுவில் மருதையன் சுவரின் தலை மட்டும் தெரிந்தது. தாண்டவராயன் கரையில் குந்தியிருந்தார்.

"இனிமே சூளை பிரிச்சா வெளி வரிசைக் கல்லை வாசல்லயே அடுக்கு" என்றாள் பவளாயி. "வர்றவன் பாக்கட்டும். பாத்துட்டு வாங்கறவன் வாங்கட்டும்."

"எவனும் வாங்கமாட்டான்டி."

"அப்ப கொட்டகையிலயே இருப்போம். இருமிக்கிட்டு இருப்போம். பயந்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

தாண்டவராயன் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, முடியாது என்று ஆட்டினாரா என்பது அவருக்கே தெரியாது.

மருதையன் கரையில் நின்று சுவரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா" என்றார். "வெந்த கல்லு, வெந்த கல்லாவே குழிக்குள்ள போயிடுச்சு. வேகாத கல்லு கரைஞ்சு சேறா போயிடுச்சு. ரெண்டுமே போயிடுச்சு. இனிமே எதை நம்பிக் கட்டறது? நான்கூட..." நிறுத்தினார். "நான்கூட மடத்துல இத்தனை நாள் இருந்துட்டேன். உள்ள தட்டிப் பாத்தா பொத்துன்னுதாம்மா சத்தம் வருது."

சாமியம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். பள்ளத்துக்குள் இறங்கினாள். கணுக்கால் புதைந்தது, கெண்டைக்கால் புதைந்தது. குனிந்து இரண்டு கையாலும் அந்தச் சேற்றை அள்ளினாள். விரலுக்கிடையில் பிசைந்து பார்த்தாள். மோந்து பார்த்தாள். உருட்டினாள். உருண்டை வெடிக்காமல் நின்றது.

நிமிர்ந்து மருதையனைப் பார்த்தாள்.

"நல்ல மண்ணுண்ணே. இன்னும் வேகல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் மண்ணை மிதிக்க ஆரம்பித்தாள்.